வேன் காசும் ஒரு பேனாவும்



போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உதவி நிதிக்கான பாரங்களைப் பெற்றோர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய நாள் அது. அங்கே ஆசிரியையாக இருக்கும் என் தோழி, "சும்மா வந்து பக்கத்துல உட்காருங்க, அது போதும்" என்று கூப்பிட்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் ஒரு பெண் மோட்டாரை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். தொழிற்சாலைச் சீருடை. கையில் இரண்டாக மடித்த பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு உறை, அந்த உறைக்குள் மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள். மழை வந்தாலும் நனையக் கூடாதென்று அப்படிப் பொதிந்து வைத்திருந்தாள். பாரத்தை என் முன்னால் விரித்தாள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் அழகாக நிரம்பியிருந்தன. தகப்பனாரின் வருமானம் என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"டீச்சர், அவரு வீட்ட விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. இதுல என்னா எழுதுறது?"

நான் டீச்சர் இல்லை, கூடமாட ஒத்தாசைக்கு வந்தவள் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அப்ப சரிக்கா. போன வருசமும் இந்த எடத்துலதான் முட்டி நின்னுட்டேன். கேக்க வெக்கமா இருந்திச்சு. பாரத்தக் குடுக்கவே இல்ல."

மூன்றாம் ஆண்டில் படிக்கும் அவளுடைய மகனுக்குப் போன ஆண்டு வந்திருக்க வேண்டியது வராமல் போனதற்கு அந்த ஒரு கட்டம்தான் காரணம். தனித்து வாழும் தாய் என்று குறித்து, அவளுடைய சம்பளத்தை மட்டும் எழுதி, சம்பளச் சீட்டின் நகலை இணைத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த வெற்றுக் கட்டம் என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

நம் நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் வந்தது. 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூல் கிடைக்கிறது. நாம் ஆர்.எம்.டி. என்று சொல்லும் கூடுதல் உணவுத் திட்டம் 1979-இல் தொடங்கியது. ஏழை மாணவர் அறக்கட்டளை நிதி 2003-இல் வந்தது. பள்ளி திறக்கும்போது கொடுக்கும் தொடக்க உதவி 100 வெள்ளியாக இருந்தது. 2023 முதல் 150 வெள்ளியாகி, பெற்றோரின் வருமானம் பார்க்காமல் தரப்படுகிறது. இவை போக அரசாங்கத்தின் இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாக வரும் திட்டங்கள், அறவாரியங்கள், கோயில் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள் என்று கொடுக்கும் கைகள் நிறைய உண்டு. தீபாவளிக்கு முன்பும் பள்ளி திறக்கும் முன்பும் புத்தகப்பை கொடுக்கும் படங்கள் நம் அலுவலகத்துக்கு வந்து குவிகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் நெஞ்சில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பிள்ளைக்கு மூன்று பை கிடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை மாதக் கடைசியில் நான்கு நாள் பள்ளிக்கு வராததையும் பார்த்திருக்கிறேன்.

ஏன் வரவில்லை? வேன் காசு கட்டவில்லை.

இந்த வேன் காசு எப்படி நம் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எங்கள் லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு திடல்தான் இருந்தது. மணி அடித்த பிறகு ஓடினாலும் வகுப்பைப் பிடித்துவிடலாம். விடிவதற்கு முன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் அம்மா, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார். பெரியவர்களான நாங்கள் ஒருவர் தலையை ஒருவர் வாரிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவோம். எங்கள் வாத்தியார் தோட்டத்திலேயே குடியிருந்தார். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். பாரம் எதுவும் நிரப்பாமலே தெரியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டத்துக்குப் பயந்து வைத்த பள்ளிகள் பல தகரக் கொட்டகைகள்தான். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்தது. வெட்டுக்காரர் பிள்ளை வெட்டுக்காரராக வந்தால் போதும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. என்னோடு படித்தவர்களில் எத்தனையோ பேர் ஆறாம் வகுப்போடு அப்பாவின் வாளியைத் தூக்கினார்கள். அந்த அநியாயத்தை மறக்க மாட்டேன். ஆனாலும் பள்ளி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளையின் பெயரும் வீட்டு நிலையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

ரப்பர் எங்கள் பேரா மாநிலத்துக்கு வந்து ஏறக்குறைய 150 ஆண்டு ஆகப்போகிறது. 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் வேலிக்குள் நிற்கிறது. அந்த மரத்தை நம்பி வந்த நம் மக்களின் லயங்களோ ஒவ்வொன்றாக மறைந்தன. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி.சம்பந்தன் அப்போது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் சொன்னார். இப்படித்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்து, தொழிலாளர்களின் காசிலேயே தோட்டங்களை வாங்கியது. அதற்கு முன்பே, 1954-இல், அவர் முன்னின்று எழுப்பிய சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி கலாசாலையை நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். கூலி வேலை செய்பவர்கள் செலவைச் சுருக்கிக் கொடுத்த காசில் கல்வி வளர்ந்த ஊர் எங்கள் ஊர். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலையும் வந்தன. குடும்பங்கள் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் தாமான்களின் ஓரத்து அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. பள்ளிகள் பலவும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. பேரா மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உண்டு, நாட்டிலேயே அதிகம். அவற்றில் எத்தனையோ பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இன்னும் "தோட்டம்" என்ற சொல் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வாசலில் நின்று பார்த்தால் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. பிள்ளைகள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் தாண்டி வருகிறார்கள். திடலைத் தாண்டி ஓடிய இடத்துக்கு இப்போது வேன் வேண்டும்.

என் தோழி அன்று வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மாதத்தின் முதல் மூன்று வாரமும் நிறைந்திருக்கும் சில பெயர்களுக்கு நேரே, கடைசி வாரத்தில் வரிசையாகக் கோடு விழுந்திருந்தது. அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் கோடு நின்றுவிடுகிறது. அதற்கடுத்த மாதக் கடைசியில் மறுபடியும் தொடங்குகிறது. அந்தக் கோடுகளை மட்டும் வைத்தே எந்த வீட்டில் எந்தத் தேதியில் காசு தீர்கிறது என்று சொல்லிவிடலாம். வேன்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டோடு எழுந்து நாலைந்து தாமான்களைச் சுற்றும் அவரும் எண்ணெய்க்குக் காசு கொடுத்தாக வேண்டும். மூன்று பிள்ளை உள்ள வீட்டில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு வேன் காசுதான் என்றாள் அன்று வந்த பெண். நாமோ பை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.எம்.டி. சாப்பாட்டுக்குத் தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி 50 சென் ஒதுக்குகிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் இருக்கும் பிள்ளை தட்டோடு வந்து உட்காரும்போது, பட்டியலில் இல்லாத பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடுவதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் வீட்டு வருமானம் வரம்பைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். அல்லது அதன் அம்மாவும் ஏதோ ஒரு கட்டத்தில் முட்டி நின்றிருக்கலாம். 2020-இன் தொடக்கத்திலிருந்து ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவு என்று ஒரு பேச்சு எழுந்தது. அது எல்லாருக்குமானதாக நடைமுறைக்கு வரவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட கதை இருக்கிறது. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் 1920-இலேயே பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். காமராசர் முதல்வராக இருந்தபோது மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அங்கே, திட்டம் நடக்கும் பள்ளியில் தொடக்க வகுப்புப் பிள்ளை எல்லாரும் சாப்பிடுகிறார்கள். யார் ஏழை என்று பிள்ளைகளுக்குள் பிரித்துப் பார்ப்பதில்லை. நம் மாநிலத்தில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகள் உண்டு. அவற்றிலாவது எல்லாப் பிள்ளைக்கும் தட்டு வைத்தால் என்ன? அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்காமல், விடுபடும் இருபது பிள்ளைகளின் செலவை ஓர் ஊரின் கோயிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து ஏற்க முடியாதா? முடியும் என்றே நான் நம்புகிறேன். அன்னதானத்துக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கும் மக்கள் நாம்.

இன்னொரு முட்டுக்கட்டை, பத்திரம். 1982 மார்ச் 1 முதல் இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டுவிட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குடும்பங்கள் தோட்டங்களில் நிறைய. பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால், தகப்பன் குடியுரிமை உள்ளவராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். தாத்தா இங்கே பால் வெட்டியவர், அப்பா இங்கே லாரி ஓட்டுபவர். பேரப்பிள்ளைக்கு மட்டும் இங்கே இடமில்லை! பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பத்திரம் சரியாகும் வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. இது பல வீடுகளுக்குத் தெரியாது. தேசியப் பதிவிலாகாவுக்கு ஒருமுறை போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுமுறை தனியாகப் போகத் துணிவதில்லை. கூட ஒருவர் போனால் போகிறார்கள்.

கூட ஒருவர் என்று சொன்னேன் அல்லவா, நம் சமூகத்தில் நல்லபடியாக நடந்த கல்விப் பணிகள் எல்லாமே அப்படிக் கூட உட்கார்ந்தவர்களால் நடந்தவை. 1979-இல் தொடங்கிய இ.டபிள்யூ.ஆர்.எப். என்னும் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியத்தின் இளைஞர்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார்கள். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையே அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர்களாக்கியது. தேர்வுக்கு முன் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போன பிள்ளைகளில் சிலர் இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் டாக்டர்கள். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கென்றே 2011-இல் உருவான மைஸ்கில்ஸ் அறவாரியம், நம் மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் களும்பாங்கில் வளாகம் அமைத்துத் தொழில் கற்றுத் தருகிறது. படிப்பு வராது என்று ஊரே கைவிட்ட பையன் அங்கே மின்கம்பி இணைக்கவும் கேக் செய்யவும் கற்கிறான்.

அந்தப் பையன்கள் வழி தவறும் இடம் பெரும்பாலும் ஆறாம் ஆண்டுக்குப் பிறகுதான். ஐம்பது பிள்ளை உள்ள தமிழ்ப்பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த முகமாக இருந்தவன், ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறான். பாடமெல்லாம் மலாயில். புகுமுக வகுப்புக்குப் போக வேண்டி வந்தால், கூடப் படித்தவர்களைவிட ஓர் ஆண்டு பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சமும் சேர்கிறது. தமிழ்ப்பள்ளியில் அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவைத்த ஆசிரியை இங்கே இல்லை. வீட்டு வருமானத்தைப் புதிய பள்ளியில் மறுபடியும் காட்ட வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. வாசகர்களே, உங்கள் தெருவில் முதலாம் படிவத்துக்குப் போகும் பிள்ளை இருந்தால், அந்த ஆண்டு மட்டும் கொஞ்சம் கவனித்துக் கொள்ளுங்கள்.

பெரிய தொகைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரா மாநில அரசு இந்திய மாணவர்களின் கல்விக்காக 2,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. செம்பனை நட்டு, அதன் வருமானத்தைத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படுத்துவது நோக்கம். பிறர் நிலத்தில் மூன்று தலைமுறை உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு நிலம் வந்தது எவ்வளவு பெரிய காரியம்! அதன் கணக்கு ஆண்டுதோறும் பள்ளி வாசலில் ஒட்டப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தாய்மார்கள் நின்று படிக்கட்டும்.

அதுவரை நம்மால் ஆகக்கூடிய ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். புதிய பள்ளி ஆண்டு தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மாதத்தில், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். பேனா இரண்டு, ஒட்டும் பசை, நகல் எடுக்கச் சில்லறை, முடிந்தால் இணைய வசதியுள்ள கைப்பேசி, இவ்வளவு இருந்தால் போதும். ஓய்வு பெற்ற கிராணிமார், வங்கியில் வேலை பார்த்தவர்கள், அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் பாரங்களோடு வாழ்ந்தவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பும் மலாய்ப் பாரம், ஒரு தாய்க்கு ஓராண்டுக் கூச்சம். அவள் சொல்வதை வெளியில் சொல்லாதீர்கள். எந்தப் படமும் எடுக்காதீர்கள்.

காசு கொடுக்க விரும்புகிறவர்கள் இந்த முறை பையை விட்டுவிட்டு வேனைப் பாருங்கள். மாதக் கடைசியில் கோடு விழும் பெயர்கள் எவை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அந்த ஒரு வாரத்துக்கான காசைப் பள்ளியின் வழியாக வேன்காரரிடம் சேர்த்துவிட்டால் பிள்ளைக்குக்கூட விஷயம் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஓராண்டு செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்று வந்த பெண் பாரத்தைக் கொடுத்துவிட்டு மாமரத்தடி வரை போனவள் திரும்பி வந்தாள். "அக்கா, அடுத்த சனிக்கிழமையும் இருப்பீங்களா? எங்க புளோக்குல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களும் குடுக்கல."

இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் எந்தப் பள்ளியில் உட்காரப் போகிறீர்கள் என்று இந்த மாத இறுதிக்குள் நம் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். பள்ளியின் பெயரோடு, அங்கே முதல் வேன் காலையில் எத்தனை மணிக்கு வருகிறது, கடைசிப் பிள்ளையை எங்கிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறது என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்